உப்பிட்டவரை

நொய்யலுக்கு இருநூறடி தள்ளி
மூன்றே முக்கால் ஏக்கர்.
கோர்ட்டு பூட்டிய சாயப்பட்டறை.
நாங்கள் போனபோது
பூட்டு தானே துருப்பிடித்துக் கீழே கிடந்தது.

போர் தண்ணீரில் மீட்டரை நனைத்தேன்.
ஏழாயிரத்து நானூறு.
எட்டிப் பார்த்த பம்ப்செட்காரர் குப்புராசு
"இதுல பருப்பு வேகாதுங்க" என்றார்.
என் ஆறு பக்க அறிக்கையில்
அதைவிடத் தெளிவாக ஒரு வரி இல்லை.

மண்ணை வெட்டினோம்.
ஒரு முழத்தில் நீலம்.
அதற்குக் கீழே குங்குமச் சிவப்பு.
இன்னும் கீழே பெயரில்லாத ஒரு பச்சை.
எந்த வருடம் ஐரோப்பாவில் எந்த நிறம் ஓடியதென்று
குழி சொன்னது.
இங்கே கலர் மாஸ்டராக இருந்த சபியுல்லா
விளிம்பில் குத்தவைத்துப் பார்த்தார்.
"இது டர்க்காய்ஸ். ஷேடு சேரலேன்னு
மூணு தடவ திருப்பி அனுப்புனான் ஹாலந்துக்காரன்.
இங்கதான் இருக்குதா இது?"
கோபமா, பாசமா,
குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று
மனிதருக்குத்தான் சொல்லிவைத்தார்கள்.
மனப்பாடம் செய்தது மண்.

மாநகராட்சிப் படத்தில்
கார்ப்பெட் புல் இருந்தது, நீரூற்று இருந்தது,
சிமெண்ட் டைனோசர் ஒன்றும் சிரித்தது.
புல் பதினோரு நாளில் செத்தது.
டைனோசருக்கு டெண்டர் வரவில்லை.
பிறகுதான் என்னைக் கேட்டார்கள்,
இங்கே என்னதான் வரும் என்று.

உமரி வரும் என்றேன்.
தூத்துக்குடி உப்பளத்து ஓரத்திலிருந்து
ஈரச் சாக்கில் வந்து இறங்கியது.
எங்கள் ஊருக்குக் கடல்
வந்து பார்த்தது அதுதான் முதல் தடவை.
சாயத் தண்ணீர் தெளியவைத்த நாலு தொட்டியிலும்
சம்பு நட்டோம். கூரைத் தகர மழையைத்
தொட்டிக்குத் திருப்பினோம்.
புகைபோக்கியை இடிக்கக் காசில்லை, விட்டுவிட்டோம்.
பாரம்பரியச் சின்னத்தைக் காப்பாற்றியதாகப்
பத்திரிகையில் போட்டார்கள்.

மிச்சம் இருந்தது பின்சுவரோரம்
நாலாயிரத்து இருநூறு மூட்டை.
சாயச் சேறு, காய்ந்தது.
வாங்கிக்கொள்ள ஓர் ஊரும் இல்லை.
அடியில் களிமண், அதன்மேல் கறுப்பு ஷீட்,
மூட்டைகள்,
மறுபடி ஷீட், மறுபடி களிமண்,
வண்டல்,
காங்கேயத்துக் கொறங்காட்டிலிருந்து கொழுக்கட்டைப்புல்.

மேடாகிவிட்டது.
பிள்ளைகள் அதற்கு ஊட்டி என்று பேர் வைத்தார்கள்.
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்
பனியன் கம்பெனிப் பையன்கள் சரிவில் படுத்து
ஒடியாவில், போஜ்புரியில், மதுரைத் தமிழில்
அம்மாவோடு பேசுகிறார்கள்.
சபியுல்லா நடக்க வருகிறார்,
மேட்டில் மட்டும் ஏறுவதில்லை.

உள்ளே இருப்பதைப் பலகையில் எழுத வேண்டும் என்றேன்.
"சனம் பயந்துக்கும் மேடம்."
எஸ்டிமேட்டில் மூன்று முறை அடித்தார்கள்.
நாலாவது முறை விதைச் செலவில் சேர்த்தேன்.

"இந்த மேட்டுக்குள் நாலாயிரத்து இருநூறு மூட்டை
சாயக் கழிவு இருக்கிறது. தோண்டாதீர்கள்."
அதன்கீழே யாரோ கரியால்:
ஊட்டி 0 கி.மீ.

மாதத்தின் முதல் செவ்வாய்
மேட்டடியில் சோதனைக் குழாயைத் திறப்பேன்.
போன தடவை பக்கத்தில் வந்து நின்றான்
பாலசோர்க்காரர் மகன் தீபுன்.
பிறந்தது ராயபுரத்தில், பேச்சு சுத்தக் கொங்கு.
"உள்ள என்னங்க்கா இருக்குது?"
"சட்டைக்குச் சாயம் போட்ட மிச்சம்."
"சட்டையெல்லாம் எங்கீங்க?"
"வேற ஊர்க்காரங்க போட்டுட்டுப் போயிட்டாங்க."
யோசித்தான்.
தன் சட்டையை ஒருமுறை குனிந்து பார்த்தான்.
பிறகு ஓடி உச்சிக்கு ஏறி
புல்லெல்லாம் ஒட்ட உருண்டு வந்தான்.

குழாயில் கசிவில்லை.
போர் தண்ணீர் ஆறாயிரத்து நூறு.
தேதி போட்டு எழுதிக்கொண்டேன்.
பருப்பு வேக
இன்னும் நாளாகும்.